குப்புறக் கட்டிய கை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மூட்டில்தான் வந்து முடிகிறது. முட்டி, இடுப்பு, தோள்பட்டை, கழுத்து. அதில் எனக்குக் குறையில்லை. என் முட்டியும் படியேறும்போது முனகத்தான் செய்கிறது. எனக்கு எரிச்சல் வருவதெல்லாம், அடுத்தபடியாக என் வலது கையைப் பார்த்துவிட்டு நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்ளும்போதுதான். ஒரு கட்சி, "அந்தக் காலத்துக் கட்டு மாதிரி வருமா, முட்டையும் உளுந்தும் வெச்சி நாற்பதே நாள்ல சேர்த்துடுவாங்க" என்று ஆரம்பிக்கும். இன்னொரு கட்சி, "நாட்டுக் கட்டு கட்டித்தானே உனக்கு இப்படி ஆச்சு" என்று உச்சுக் கொட்டும். இரண்டு கட்சிக்கும் விஷயம் தெரியாது. தெரியாத விஷயத்தைத்தான் நாம் எப்போதும் நீட்டி முழக்கிப் பேசுவோம். ஐம்பது அறுபது வருஷமாகச் சும்மா சிரித்து வைத்தேன். இனி என்னால் முடியாது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். வலது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நீட்டுங்கள். இடது கையால் அதை நடுவில் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது உள்ளங்கையைக் குப்புறத் திருப்புங்கள். உள்ளே ஏதோ உருளுகிறதா? முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு இடத்தை விட்டு நகராது. கட்டைவிரல் பக்கத்து எலும்புதான் மணிக்கட்டையும் விரல்களையும் தூக்கிக்கொண்டு, அதன்மேல் குறுக்காக வந்து படுக்கும். உள்ளங்கையை மேலே திருப்பினால் மறுபடி எழுந்து பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்போது, சாவியைத் திருப்பும்போது, சில்லறை வாங்கிக்கொள்ளும்போது, ஒரு நாளைக்கு எத்தனை தரம் இதைச் செய்கிறோம் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. என் வலது கையில் அந்த எலும்பு எழுந்து நிற்காது. பத்து வயதில் குப்புறப் படுத்தது, இன்னும் படுத்தே இருக்கிறது.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்த அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் ஐந்தாம் வகுப்பு. பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். விடிந்ததும் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். சேலையின் நீளவாட்டில் ஓடவேண்டிய பட்டு இழைகள் அத்தனையையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மனிதர், மாடு, சைக்கிள் எல்லாமே சுவரோரமாக ஒதுங்கித்தான் போகவேண்டும். பாவைத் தாண்டக்கூடாது, தொடக்கூடாது, அதன் பக்கம் திரும்பித் தும்மக்கூடக் கூடாது. கஞ்சி வாசனையும் ஈரப்பட்டின் வாசனையும் சேர்ந்து குளிரில் தெரு முழுக்க நிற்கும்.

நான் ஓடி வந்தேன். ஏன் ஓடினேன் என்று கேட்காதீர்கள், பத்து வயதில் யாரும் காரணத்தோடு ஓடுவதில்லை. எதிரே ஒரு கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. நேராகப் போனால் கன்றின்மேல் விழவேண்டும், சாய்ந்தால் பாவின்மேல் விழவேண்டும். உடம்பில் ஊறிப்போன பயம், பாவைத் தொடாமல் உடம்பை முறுக்கிக்கொண்டு வலது கையை ஊன்றி வாசற்கல்லில் விழுந்தேன். உலர்ந்த முருங்கைக் குச்சி முறிகிற சத்தம் கேட்டது. அது என் கைக்குள்ளிருந்து வந்தது என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

நாங்கள் நைனா என்று கூப்பிட்ட என் அப்பா பாவின் மறு கோடியிலிருந்து ஓடி வந்தார். வந்து கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பாவு அறுந்துச்சா?"

"இல்ல நைனா."

"ஒரு இழைகூட?"

"இல்ல நைனா."

அப்புறம்தான் என் கையைப் பார்த்தார். முன்கையின் நடுவில் இல்லாத ஒரு முழங்கை புதிதாக முளைத்திருந்தது. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் தெருவில் எந்த அப்பாவும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

என் கை அவருக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தறியில் சேலையின் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். குறுக்கு இழையைச் சுமந்துகொண்டு பாவுக்குள் ஓடுகிற கட்டைக்கு நாடா என்று பேர்; உடலின் நாடாவையும் இடப்பக்கக் கரை நாடாவையும் அப்பா போடுவார். வலப்பக்கக் கரைக்குத் தனி நாடா, அதைப் போட இன்னொரு ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் மூன்று மணி நேரம், அந்த இன்னொரு ஆள் நான்தான். அந்த வேலையில் கை எப்போதும் குப்புறத்தான் இருக்கும். உள்ளங்கையை மேலே காட்டவேண்டிய அவசியமே தறியில் இல்லை. அப்போது பாதியில் நின்றது ஒரு கல்யாணச் சேலை, மாசி முகூர்த்தத்துக்கு முடித்துக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

அம்மாவும் அப்பாவும் என்னைத் தாமலுக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். அங்கே கட்டுக் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த விவசாயி, எலும்பு கட்டுவது அவருக்குத் தொழில் இல்லை, வழக்கம். நாங்கள் போனபோது கழனியில் இருந்தார். வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு வந்து, என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியிலிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டே மேலே வந்தார். ஒவ்வொரு விரலிலும் மூன்று கணு, கட்டைவிரலில் இரண்டு. பிறகு உள்ளங்கையின் ஐந்து எலும்புகள். மணிக்கட்டில் நின்று வெகுநேரம் தடவினார்.

"இங்க பொடி எலும்பு எட்டு இருக்குது, ரெண்டு வரிசையா, புளியங்கொட்டை கணக்கா. அது எல்லாம் நல்லா இருக்குது. தண்டு ரெண்டும்தான் போயிருக்குது" என்றார். "கண்ணு, உன் பள்ளிக்கூடத்துல எத்தனை வாத்தியாருங்க?"

நான் எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது வாத்தியாரில் இழுத்துவிட்டார். அந்த வலியை வர்ணிக்கப் போவதில்லை. உங்களில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறீர்கள், நீங்களும் அதை வர்ணிப்பதில்லை. கையில் கிடந்த சிவப்பு ரப்பர் வளையல் வீக்கத்தில் இறங்கவில்லை என்று அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். திருவிழாக் கடையில் வாங்கியது. கை உடைந்ததற்கு அழுததைவிட நான் அதற்கு அதிகம் அழுதேன்.

முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டினார். கட்டி முடித்தபோது என் கட்டைவிரல் வானத்தைப் பார்த்து நின்றது. அப்பாவுக்கு அது சரியாகப் படவில்லை.

"அண்ணே, கை குப்புற இருக்கிறாப்பல கட்டக் கூடாதா? தறியில உக்காரணுமே."

"கூடாதுபா. கையில ரெண்டு எலும்பு. ஒண்ணு நின்ன எடத்துல நிக்கிறது. இன்னொண்ணு அதைச் சுத்திக்கினு போறது. கட்டைவிரல் மேல பாத்துக்கினு இருந்தாத்தான் ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும். குப்புறப் போட்டா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கும். அப்படியே ஒட்டிக்கிச்சின்னா அப்பால கை திரும்பாது."

"ஒண்ணுமேல ஒண்ணு ஏறினாத்தானே அண்ணே பலம்?"

"அது உங்க துணிக்கு. நாற்பது நாள் யாரும் இதை அவுக்கக் கூடாது. தளர்ந்துச்சின்னா இங்க கூட்டிக்கினு வா."

அப்பா தலையாட்டினார். தலையாட்டுவதற்கும் கேட்டுக்கொள்வதற்கும் சம்பந்தமே இல்லை என்று இந்த வயதில்தான் எனக்குப் புரிகிறது.

அடுத்த வாரம் அம்மா திருப்புட்குழிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் தங்கைக்குப் பிரசவம், பதினைந்து நாள் இருந்தாக வேண்டும். வீட்டில் அப்பாவும் நானும் தறியும். என் இடத்தில் உட்கார ஆள் கிடைக்காமல் அப்பாவே எட்டி எட்டி வலப்பக்கக் கரையையும் போட்டுக்கொண்டிருந்தார். நாளுக்கு ஒரு சாண்கூட நகரவில்லை. எனக்கானால் கட்டுக்குள் அரிப்பு. முட்டை நாற்றம் எனக்கே சகிக்காது. எறும்பு வேறு வரிசையாகக் கட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் தாங்கமுடியாமல் அழுதேன்.

"தாமலுக்குப் போலாம் நைனா."

"தறியை விட்டுட்டா? இரு, நானே பாக்கறேன்."

அவிழ்த்தார். கையைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவினார். அவருடைய விரல்கள் மெத்தென்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இழை அறுந்தாலும் தடவியே கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற விரல்கள். என் கையை அவ்வளவு பதமாக வேறு யாரும் தொட்டதில்லை. கோபப்படவும் முடியாதபடி இப்படிச் சில விஷயங்கள் நடந்து தொலைக்கின்றன.

"இந்தாளு கழனிக்காரன். இவனுக்கு என்னா தெரியும்?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். "ரெண்டு இழையைப் பக்கத்துல பக்கத்துல விட்டா அது நிக்குமா? குறுக்கப் போனாத்தான் கெட்டியா நிக்கும். ரெண்டு எலும்பும் ஒண்ணுமேல ஒண்ணு படுத்துச்சின்னா ஆயுசுக்கும் உடையாது. தறிக்கும் வாட்டமா இருக்கும்."

தறிச் சாமான்களிலிருந்து ஒரு தட்டையான பலகையை எடுத்து வந்தார். என் உள்ளங்கையை அதன்மேல் குப்புற வைத்து, பழைய பத்தைகளையே மேலே வைத்து, பழைய துணியையே சுற்றிக் கட்டினார். என்ன கட்டு அது! வரி வரியாக, ஒரே அளவாக, ஒரு சுருக்கம் கிடையாது. அவ்வளவு அழகான கட்டை அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலும் நான் பார்த்ததில்லை. அரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

"அம்மாகிட்ட சொல்லாத. அங்கலாய்ப்பா" என்றார் அப்பா.

அம்மா திரும்பி வந்த அன்றே கவனித்தாள்.

"இன்னாங்க, கை நின்னுக்கினு இருந்துச்சே, இப்ப படுத்துக்கினு இருக்குது?"

"கட்டு இறுக இறுகத் தானா அப்படித்தான் வந்துடும்."

அம்மா நம்பினாள். அப்பா எதையும் சந்தேகமில்லாமல் சொல்லுவார், அதுதான் அவர் பலம்.

நாற்பதாம் நாள் அப்பாவே கட்டைப் பிரித்தார். கை சூம்பிப்போய், தோல் உரிந்து, வெளுத்திருந்தது. ஆனால் நேராக இருந்தது. விரல்களை மடக்கச் சொன்னார், மடக்கினேன். முழங்கையை மடக்கு, மடக்கினேன். மணிக்கட்டை ஆட்டு, ஆட்டினேன். நாடாவைக் கையில் கொடுத்து தறியில் உட்காரவைத்தார். போட்டேன். நாடா இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று.

"வலிக்குதா?"

"இல்ல நைனா."

"அவ்ளோதான். கை சரியாயிடுச்சி."

அதற்கப்புறம் தெருவில் வந்தவர் போனவர் எல்லாரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள், வலிக்குதா, வலிக்குதா என்று. வலிக்கவில்லை, அதனால் இல்லை என்றேன். திரும்புகிறதா என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் நான் இன்றைக்கு உங்களை உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். எனக்கே அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இடது கை ஓடி வந்து உதவிவிடும். சோறு சாப்பிடும்போது கைக்குப் பதில் தலை குனிந்து வாய் போகும். கல்யாணச் சேலை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே முடிந்துவிட்டது.

பங்குனியில் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். பட்டர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டே வந்தார். எல்லாரையும் போல நானும் கையை நீட்டினேன். என் உள்ளங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்ப முயன்றேன். இம்மியும் நகராமல், கதவில் தாழ்ப்பாள் போட்டதுபோல் நின்றுவிட்டது. தோளைச் சாய்த்து, முழங்கையை வயிற்றுக்குள் இழுத்து, உடம்பையே ஒருக்களித்துப் பார்த்தேன். தீர்த்தம் கட்டைவிரலில் பட்டு வழிந்து என் பாவாடையில் ஊற்றியது.

"கையை ஒழுங்கா நீட்டு குழந்தே" என்றார் பட்டர்.

நான் என்ன செய்ய? இடது கையை நீட்டினேன்.

அம்மா அத்தனை பேருக்கு நடுவில் என் முதுகில் ஒன்று வைத்தாள். "பெருமாள் சன்னிதியில பீச்சாங்கையை நீட்டறா பாரு. எம்மாந்திமிரு இருந்தா?" வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திமிரு, திமிரு என்று அதே பாட்டு. எனக்குக் கை திரும்பவில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. கை சரியாகிவிட்டது என்று அப்பா ஊருக்கே சொல்லியிருந்தார். சரியான கை எப்படித் திரும்பாமல் இருக்கும்?

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். அதே மாதம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னதற்கு வாத்தியார் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

"திருப்பு."

"திரும்பாது சார்."

"என்னாது?"

"திரும்ப மாட்டேங்குது சார்."

வகுப்பு சிரித்தது. வாத்தியாருக்கு வந்ததே கோபம். திரும்பாத கையை எப்படி அடிக்கவேண்டுமோ அப்படி அடித்தார், புறங்கையில், விரல் முட்டிகளின் மேலே. உள்ளங்கையில் அடி வாங்கினால் தாங்கிக்கொள்ளச் சதை இருக்கிறது. புறங்கையில் தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். நாலு முட்டிகளும் நாவல்பழம் போல வீங்கின. அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அடுப்படியில் என்னை உட்காரவைத்து, என் கையைப் பிடித்துத் தானே திருப்பிப் பார்த்தாள். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பிறகு என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

அம்மா சொல்லியனுப்பி, சித்திரையில் தாமல்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா தறியில் இருந்தார். எழுந்து வரவில்லை, அங்கிருந்தபடியே "வாங்கண்ணே" என்றார். தாமல்காரர் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, என் கையைத் தொட்டார். இந்தத் தடவை விரல்நுனியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நேராக முன்கையின் நடுவுக்கே வந்து நின்றார்.

"ரெண்டும் ஏறிக்கினு ஒட்டியிருக்குது. நான் கட்டினது இப்படி இல்லியேம்மா."

"கட்டு இறுக இறுகத் தானா திரும்பிக்கும்னு இவரு சொன்னாருங்கண்ணா" என்றாள் அம்மா.

தாமல்காரர் கண்ணைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா கையில் ஒரு அறுந்த இழை இருந்தது. அதன் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டிருந்தாரே தவிர முடிச்சுப் போடவில்லை.

"கோவத்துக்குக் கேக்கல தம்பி. வீட்டுல யாராவது அவுத்துக் கட்டியிருந்தா சொல்லிடுங்க. தப்பில்ல, கொழந்தை அரிக்குதுன்னு அழுதிருக்கும். அப்படின்னா வழி இருக்குது. எலும்பு இன்னும் இளசு. ஆடிக்குள்ள கூட்டிக்கினு வந்தீங்கன்னா மெதுவா உடைச்சி, பழையபடி நிமித்திக் கட்டிடுவேன். கை திரும்பும். யாரும் தொடல, என் கட்டே தானா திரும்பிச்சின்னா, அது வேற. என் கட்டு அப்படிப் போவும்னா இன்னொரு தரம் இந்தக் கொழந்தை எலும்பை உடைக்க எனக்கு தைரியம் கிடையாது. மறுபடியும் தப்பாப் போச்சின்னா?"

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் பாருங்கள். பத்து வயதுப் பெண்ணுக்கே புரிகிற மாதிரி. அப்பாவுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை போதும். "நான்தாண்ணே" என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் இழையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன். "அரிசி களையணும்" என்று எழுந்து உள்ளே போனாள்.

இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். கேள்வி என்னிடம் வந்தது.

"நீ சொல்லு கண்ணு. யாராவது அவுத்தாங்களா?"

அப்பா இப்போது தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, மிரட்டவில்லை. முறைத்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். ஊரிலேயே கைவிரல் சுத்தமான நெசவுக்காரர் என்று பேர் வாங்கியவர், தன் பெண்ணின் கையைத் தானே கெடுத்தார் என்று ஒரு கழனிக்காரர் முன்னால் ஆகும்போது தொங்கிப்போகிற அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மறுபடி உடைப்பார்கள் என்ற பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்குவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"யாரும் அவுக்கல. தானா திரும்பிக்கிச்சி" என்றேன்.

தாமல்காரர் என் கையை இறக்கி என் மடியிலேயே வைத்தார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கட்டுலதான் கோளாறு. தளர்வா கட்டியிருக்கேன். மன்னிச்சிக்கோ தம்பி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போய்க் காட்டு."

"பாக்கலாம்ணே" என்றார் அப்பா.

பார்க்கவில்லை. பார்க்கலாம் என்று எங்கள் வீட்டில் சொன்ன எதையும் யாரும் பார்த்ததில்லை. கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் அவர் போய்விட்டார். அப்பா அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, "வா, உக்காரு" என்றார். நான் என் இடத்தில் உட்கார்ந்து நாடாவை எடுத்தேன்.

அப்பா அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தார். என் கையைப் பற்றி யார் கேட்டாலும் "தாமல்காரர் கெடுத்துட்டாரு" என்றுதான் சொன்னார். முதலில் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். போகப்போகத் தயக்கம் போய்விட்டது. என்னைப் பெண்பார்க்க வந்தவர்களிடம் சொன்னபோது அவர் முகத்தைக் கவனித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிவிட்டிருந்தார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இல்லம்மா?" என்று சாட்சிக்கும் கூப்பிட்டார். "ஆமா நைனா" என்றேன். அப்பாவின்மேல் எனக்கு ஆசை அதிகம். இன்றைக்கும் அப்படித்தான். அதனால்தான் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அதையெல்லாம்கூடத் தள்ளிவிடலாம். வீட்டுக்குள் நடந்தது, அப்பா எதிரில் இருந்தார், நான் சின்னப் பெண். இந்தச் சமாதானமெல்லாம் சித்திரையோடு சரி. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. ஒரு நாள் காலையில் தெருமுனையில் தாமல்காரரைப் பார்த்தேன். கயிறு வாங்க ஊருக்குள் வந்திருந்தார், தோளில் புதுக் கயிற்றுச் சுருள். நான் பார்க்காததுபோல் ஒதுங்கினேன். அவர் கூப்பிட்டுவிட்டார்.

"கண்ணு, இப்படி வா. கை எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது."

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என் கையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்த எலும்பின்மேல் போனார், வந்தார், மறுபடி போனார்.

"இன்னும் முத்தல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "இப்பல்லாம் நான் யாருக்கும் கட்டறது இல்ல கண்ணு. போன வாரம் ஐயம்பேட்டையிலருந்து ஒரு கொழந்தையைத் தூக்கிக்கினு வந்தாங்க. உன் வயசுதான். வேற ஆளைப் பாருங்கன்னு அனுப்பிட்டேன். தொடவே பயமா இருக்குது. எங்க தப்பு பண்ணேன்னு எத்தனை தரம் யோசிச்சாலும் புரியல. உனக்கு ஏதாவது தெரியுமா? கட்டு எப்ப தளர்ந்துச்சி, எந்தப் பக்கம் தளர்ந்துச்சி, ஏதாவது நெனப்பு இருக்குதா?"

அப்பா அங்கே இல்லை. அம்மா இல்லை. ஆடி பிறக்க இன்னும் நாள் இருந்தது. என் கை அவர் கையில் இருந்தது.

"மணி அடிச்சிட்டாங்க, நான் போவணும்" என்றேன்.

"சரி, சரி. ஓடு கண்ணு" என்று கையை விட்டார்.

நான் ஓடினேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் ஒருத்தரும் வந்திருக்கவில்லை. என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அரைமணி நேரம் கழித்துத்தான் மணி அடித்தது.